எலுமிச்சையை அன்றன்றைக்குப் பிழியுங்கள்: எங்கள் டிக்கி பார் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய உரிமையாளர்களுக்கும் மேலாளருக்கும்,

இந்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவு, பசிபிக் தீவு அலங்காரமும் ரம் காக்டெய்லுமாக இருக்கும் உங்கள் டிக்கி பாரில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். சரியாகத் தொண்ணூறாவது நிமிடத்தில் எழுப்பிவிடப்பட்டோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது எதுவும் தற்செயலான தவறு இல்லை. ஒவ்வொன்றும் கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் எடுத்த ஏதோ ஒரு முடிவில் இருந்து வந்தது. அதனால்தான் அன்று பரிமாறிய பையனிடம் எதுவும் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒன்பது வருடமாக, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில், உங்கள் பாரின் கடைசி மேசையில் நாங்கள் பேசிய மொழி இது. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவுக்கு வேலைக்கு வந்து, யாரையும் தெரியாமல் திண்டாடிய எத்தனையோ பேருக்கு அந்த மேசையில்தான் முதல் நண்பன் கிடைத்தான். நடந்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அன்று நாங்கள் வந்தது ஒரு நண்பனை வழியனுப்ப. பதினோரு வருடம் இங்கே இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்புகிறான். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்காமல் உங்கள் பாரைத்தான் சொன்னான்.

முதலில் மாய் டாய் என்ற ரம் காக்டெய்ல். நான்கு பேர் அதைத்தான் கேட்டோம். நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை. மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடைப் போனில் காட்டி, பட்டியலில் தேடி, அழுத்தினோம். சீக்கிரமே வந்துவிட்டது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், அடியில் சிவப்பாகத் தேங்கிய கிரெனடின் என்ற மாதுளை சிரப், மேலே ஒரு செர்ரி. ஒரு வாய் குடித்தேன். டப்பா ஜூஸின் இனிப்பு. ரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எலுமிச்சை இருந்தது, ஆனால் பழத்தில் இருந்து நேரே வரும் புளிப்பு இல்லை. பழைய சாற்றுக்கே உரிய, அடித்தொண்டையில் நிற்கும் கசப்பு. எழுந்து கவுண்டருக்குப் போய்ப் பார்த்தேன். பீர் குழாய்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழாய். அதைத் திறந்தால் மாய் டாய்.

இது வேறு எந்த ஊரில் நடந்திருந்தாலும் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஓக்லாந்தில் சான் பாப்லோ அவென்யூவும் 65ஆம் தெருவும் சந்திக்கும் முனையில்தான் 1934இல் விக்டர் பெர்ஜெரான் தன் சின்னக் கடையைத் திறந்தார். பிறகு டிரேடர் விக் என்று உலகமே அவரை அறிந்தது. 1944இல் மாய் டாயை முதன்முதலில் கலந்தது தானே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு வருடம் பீப்பாயில் கிடந்த ஜமைக்கா ரம், ஒரு முழு எலுமிச்சையின் சாறு, கியூரசாவ் என்ற ஆரஞ்சுத் தோல் மது, பாதாம் சிரப், கொஞ்சம் கற்கண்டுப் பாகு. அவ்வளவுதான். பசிபிக்கில் உள்ள டஹிட்டித் தீவில் இருந்து வந்திருந்த நண்பர்களுக்கு அதைக் கொடுத்தாராம். ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று பொருள்பட அவர்கள் மொழியில் ‘மாய்டாய்’ என்றாராம். அதுவே பெயராகிவிட்டது. அன்னாசிச் சாறு எல்லாம் 1950களில் இது ஹவாய் ஹோட்டல்களுக்குப் போன பிறகு சேர்ந்தது. அந்தத் தெருமுனை உங்கள் வாசலில் இருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, குழாயில் வரும் ஆரஞ்சு ஜூஸுக்கு மாய் டாய் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உங்கள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் சொல்லிக் கொடுத்தது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. நாங்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னோம். “எங்கள் வீட்டில் குயா என்போம், அதேதான்” என்றார். அவருடைய குடும்பம் பிலிப்பைன்ஸில் இருந்து வந்தது. டிக்கி பார்களின் வரலாற்றில் பாதி, பெயர் வெளியே தெரியாத பிலிப்பைன்ஸ்காரர்களின் கைவண்ணம் என்று அவர்தான் சொன்னார். 1930களில் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் இந்த வகை பாரையே உண்டாக்கியபோது, பாட்டில்களில் பெயருக்குப் பதில் ரகசியக் குறியீடுகளை ஒட்டி வைத்திருந்தார். எதில் என்ன இருக்கிறது என்பது கலக்குகிறவர்களுக்கே முழுசாகத் தெரியாது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் ரே புயென். அவர் 1961இல் லாஸ் ஏஞ்சலஸில் டிக்கி-டி என்று ஒரு குட்டிக் கடை போட்டார். அதை அவர் குடும்பம் இன்றும் நடத்துகிறது. அந்தக் கதையைச் சொல்லும்போது அண்ணாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். சொந்த மாமாவைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

அவர் மாய் டாய் கலப்பதை ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன். எலுமிச்சையை இரண்டாக வெட்டி இரும்புப் பிழியானில் வைத்து ஒரே அழுத்து. ரம் இரண்டு வகை, அளந்துதான் ஊற்றுவார், கண் மதிப்பு கிடையாது. பாதாம் சிரப்பை வாரத்துக்கு இரண்டு முறை அவரே செய்வார். பாதாமை ஊறவைத்து, அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, சர்க்கரை கரைத்து, கடைசியில் ஆரஞ்சுப் பூ நீர் சில சொட்டு. தேங்காய்ப் பால் எடுக்கிற அதே வேலை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “எங்கள் அம்மாவும் இப்படித்தான் துணியை முறுக்குவார்” என்று அவரிடம் சொன்னாள். உடைத்த ஐஸோடு குலுக்கி, வடிகட்டாமல் அப்படியே டம்ளரில் கொட்டுவார். பிழிந்த எலுமிச்சை மூடியை ஐஸ் மேல் கவிழ்த்து வைப்பார். புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, வாசனை கிளம்பியதும் மூடிக்குப் பக்கத்தில் செருகுவார். மூடி ஒரு தீவு, புதினா அதில் ஒரு தென்னை. ஒவ்வொரு டம்ளரிலும் அதைச் செய்வார், வெளியே நாற்பது பேர் காத்திருந்தாலும் செய்வார்.

அன்று அவர் இல்லை. என் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அதனால் வேறு இடம் தேடிப் போய்விட்டேன் என்று போனில் சொன்னார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

முன்கூட்டியே கலந்து வைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் இங்கே எல்லாம் மூடியபோது, சாப்பாட்டோடு காக்டெய்லும் பார்சல் விற்கலாம் என்று கலிபோர்னியா அனுமதி கொடுத்தது. அப்போது உங்கள் பாரின் பழைய உரிமையாளர் மாய் டாயைச் சின்னப் பாட்டில்களில் அடைத்து விற்றார். நாங்கள் வாரா வாரம் வாங்கினோம், தேவைக்கு மேலும் வாங்கினோம், பார் பிழைக்க வேண்டுமே என்று. அந்தப் பாட்டிலில் ரம், கியூரசாவ், பாதாம் சிரப் மட்டும்தான் இருக்கும். கூடவே ஒரு காகிதப் பையில் முழு எலுமிச்சை ஒன்று. பை மேல் பேனாவில் எழுதியிருக்கும்: குடிக்கும்போது பிழியுங்கள். எலுமிச்சை ரசம் வைக்கிற யாருக்கும் இது புரியும். அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிவோம். பிழிந்து வைத்த சாறு சில மணி நேரத்திலேயே மாற ஆரம்பித்துவிடும், மறுநாள் கசக்கும். ஊரே முடங்கிக் கிடந்த காலத்தில் ஒரு காகிதப் பையால் காப்பாற்ற முடிந்த ருசியை, கூட்டம் நிரம்பி வழியும் ஒரு வெள்ளிக்கிழமை உங்களால் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

என் மனைவி குடிப்பதில்லை. ஒன்பது வருடமாக அந்த மேசைக்கு வருகிறாள், ஒரு நாளும் தான் வேறு ஆள் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அண்ணா அவளுக்கென்று ஒன்று கலப்பார். பேஷன் ஃப்ரூட், எலுமிச்சை, பாதாம் சிரப், பட்டை போட்டுக் காய்ச்சிய பாகு, அதே உடைத்த ஐஸ், அதே புதினா. எங்களுக்கு வைக்கும் அதே டிக்கி முகக் கோப்பையில் வரும். அன்று அவளுக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் டம்ளரில் எலுமிச்சை சோடா. விலை 12 டாலர். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாதியோடு வைத்துவிட்டாள். எங்கள் நான்கு மாய் டாயைவிட எனக்கு அந்தப் பாதி டம்ளர்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது ருசி சம்பந்தப்பட்டதே இல்லை. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். ஸோம்பி என்ற காக்டெய்லை டான் பீச் உண்டாக்கிய நாளில் இருந்தே ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பது விதி. மூன்று வகை ரம், அதில் ஒன்று 75 சதவீதத்துக்கு மேல் சாராயம். பழச்சாறும் பட்டையும் அதை மறைத்துவிடும், குடிப்பவருக்குத் தெரியாது. உங்கள் பழைய மெனுவில் அந்த விதி பெரிய எழுத்தில் இருந்தது. அண்ணா ஒருவருக்கு இரண்டாவதைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அவர் அதைக் குடிக்கும்வரை பேச்சுக் கொடுப்பார். அன்று பக்கத்து மேசையில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் போனிலேயே நான்கு ஸோம்பி வரவழைத்தான். நான்கும் வந்தன. கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், அவன் எத்தனை குடித்தான் என்று யாருக்கும் கணக்கு இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது அவன் வாசல் படியில் சுவரோடு சாய்ந்து கிடந்தான். கூட வந்த பெண் ஒருத்தி மட்டும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கார் வரும்வரை நின்றோம். மது பரிமாறுகிறவர்கள் பொறுப்போடு பரிமாறுவதற்கான பயிற்சியும் சான்றும் பெற வேண்டும் என்று 2022 முதல் இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. உங்கள் ஊழியர்கள் அந்தப் பயிற்சியை எடுத்திருப்பார்கள். ஆனால் குடிக்கிறவன் முகத்தைப் பார்க்கவே வழியில்லாமல் செய்துவிட்டால் அந்தப் பயிற்சியால் என்ன பயன்?

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. முன்பு மெல்லிய சைலோஃபோன் இசையும் பறவைக் குரல்களும் இருக்கும், பேசினால் கேட்கும். இப்போது டிஜே. விடைபெறுகிற நண்பன் சொன்ன பாதி எனக்குக் கேட்கவில்லை. பில்லில் 20 சதவீதம் சேவைக் கட்டணம் இருந்தது. ஊழியர்களுக்குப் போகிறதா என்று கேட்டோம், பரிமாறிய பையனுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு கட்டணம் போட்டால் எவ்வளவு, எதற்கு என்று மெனுவிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் 2024 ஜூலை முதல் இங்கே சட்டம்.

வாசலில் புதிதாகக் காற்றடைத்த ஒரு பெரிய டிக்கி தலை நிற்கிறது, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மரபில் டிக்கி என்பது முதல் மனிதனின் பெயர். மார்க்கேசாஸ் தீவுகளில் அது கல்லிலும் மரத்திலும் செதுக்கி வணங்கிய உருவம். டிக்கி பார் என்பதே அமெரிக்கர்கள் பசிபிக் தீவுகளைப் பற்றிக் கண்ட ஒரு கனவுதான், அது அண்ணாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் பழைய மெனுவின் பின்பக்கத்தில் இந்த உருவங்கள் யாருடையவை, எந்தத் தீவைச் சேர்ந்தவை என்று அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். ஆடும் பெண் உருவம் வைத்த, பானம் கலக்கும் குச்சிகளையும் நிறுத்தியிருந்தார்கள். இப்போது அந்த அரைப் பக்கம் இல்லை, குச்சிகள் திரும்ப வந்துவிட்டன. நம் கோயில் சிலையைக் காற்றடைத்து ஒரு கடை வாசலில் நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்புறம் கடைசி மேசைக்கு மேலே தொங்கிய படகு. எட்டடி நீளம், இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் பிணைத்தது, பசிபிக் தீவுகளின் பாலினீசியர்கள் கடல் கடந்த படகின் மாதிரி. இதை ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பார்கள் என்று முதல் நாளே அண்ணா சொன்னார். உடனே இந்த நண்பன்தான், கோயம்புத்தூருக்குத் திரும்புகிறவன், அது எங்கள் சொல் என்று எழுந்து நின்றே சொன்னான். நம் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மீன் பிடிக்கப் போவதற்குக் கட்டுமரம் என்று பெயர். அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்ப் பிறகு எங்கோ பசிபிக்கில் இருந்த இரட்டைப் படகுக்கும் வைத்தார்கள். அண்ணா ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டி, எழுதிக் காட்டு என்றார். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு சின்னக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார். மூன்று தடவை அழித்து எழுதினார். கடைசி ம் மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டார். நாங்கள் திருத்தவில்லை. ‘கட்டுமரம’ என்ற அந்தப் பலகை ஒன்பது வருடம் படகுக்குக் கீழே தொங்கியது. எங்களுக்கு மேசை ஒதுக்கும்போது கட்டுமர மேசை என்றுதான் எழுதுவார்கள்.

அன்று உள்ளே நுழைந்ததும் நண்பன் முதலில் நிமிர்ந்து பார்த்தது அந்த இடத்தைத்தான். படகு இருந்த இடத்தில் இரண்டு டிவி. இரண்டிலும் கூடைப்பந்து. பலகையும் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, தெரியாது என்று பதில் வந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்தது என்று போனுக்குச் செய்தி வந்தபோது, பக்கத்தில் மூன்று மேசை காலியாக இருந்தது. இன்று ஒருநாள் மட்டும் கொஞ்ச நேரம் கொடுங்கள், நாளைக் காலை இவனுக்கு விமானம் என்று கெஞ்சினேன். சிஸ்டம் அனுமதிக்காது என்றார்கள். நண்பனிடம் சொல்ல வைத்திருந்ததைப் பார்க்கிங்கில், கார்களுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னேன்.

பார் நடத்துவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வாடகை, காப்பீடு, சம்பளம் எல்லாம் ஏறியிருக்கிறது. நட்டத்துக்கு நடத்துங்கள் என்று கேட்கவில்லை. 14 டாலராக இருந்த மாய் டாய் இன்று 19 ஆகியிருக்கிறது. அதை 21 ஆக்குங்கள், நாங்கள் கொடுக்கிறோம். ஆனால் எலுமிச்சையை அன்றன்றைக்குப் பிழியுங்கள். ரம்மையும் சிரப்பையும் முன்கூட்டியே கலந்து வைத்தாலும் சரி, சாறு மட்டும் கலக்கும்போது சேரட்டும். ஆரஞ்சு ஜூஸ் கலந்ததையும் விற்க வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், வேறு பெயர் வையுங்கள்.

ஸோம்பிக்கு இரண்டு என்ற விதியை இந்த வாரமே திரும்பக் கொண்டுவாருங்கள். அதைப் போன் வழியாக விற்பதை நிறுத்துங்கள், ஊழியர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். குடிக்காதவர்களுக்கும் அதே கோப்பையில், அதே கவனத்தோடு கலந்த ஒரு பானமாவது மெனுவில் இருக்கட்டும். காத்திருக்கும் கூட்டம் இல்லாதபோது தொண்ணூறு நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். சேவைக் கட்டணம் யாருக்குப் போகிறது என்று மெனுவில் எழுதுங்கள். அந்த அரைப் பக்கத்தைத் திரும்ப அச்சிடுங்கள், காற்றடைத்த தலையை எடுத்துவிடுங்கள்.

அண்ணாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் திரும்பி வருவாரா என்பது அவர் முடிவு. முழு வேலை நேரம் தருகிறோம் என்று நீங்கள் கேட்டாவது பாருங்கள்.

படகும் பலகையும் எங்கே இருக்கின்றன என்று இந்த மாதம் முடிவதற்குள் எனக்கு எழுதுங்கள். கிடங்கில் இருந்தால் பழைய இடத்திலேயே தொங்கவிடுங்கள், டிவியைக் கவுண்டர் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டாமென்றால் விலை சொல்லுங்கள். நாங்கள் இப்போது ஐந்து பேர்தான் இருக்கிறோம், ஆனாலும் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம். பலகையை மட்டும் துடைத்துவிடாதீர்கள். அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும்.